காத்தமுத்து பதித்த புல்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மா அவர்களே,

சென்ற வாரம் எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை, அதாவது காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் எழுத முனைவது என் சொந்தப் பிழை ஒன்றைப் பற்றி. படித்து முடித்தபின் தாங்கள் என்னைச் சற்றுக் குறைவாக மதிப்பிட்டாலும் அதில் தவறில்லை.

என் கண்ணை விட்டு அகலாத காட்சி ஒன்று உண்டு. எங்கள் பொது மண்டபத்தில், மேசைப்பந்து ஆடும் மேசையின் மேல், பெரிய வரைபடம் ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். நான்கு மூலைகளிலும் நான்கு பால் டின்கள். திறந்திருந்த கதவு வழியே மூடுபனி உள்ளே வந்து வந்து போனது. ஈரம் கோத்த தாள் நடுவில் உப்பியிருந்தது.

அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்; இப்போது ஒரு பூந்தோட்டத்தில் பூக்கட்டுகளைத் தாளில் சுற்றும் நாள்கூலி வேலை செய்கிறார். காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் மழைக்கோட்டு.

“மண்டோரய்யா, எங்க தோட்டம் எங்க இருக்கு? காட்டுங்க.”

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். எங்கள் லயன் வீடுகள் இருந்தன. மாரியம்மன் கோயில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி கூடச் சிறு வட்டமாக இருந்தது. லயன் வீடுகளுக்குக் கீழே, ஓடை வரைக்கும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையின் நடுவில் மலாயில் இரண்டு சொற்கள்: தானா கோசோங். காலி நிலம்.

“கோசோங்கா?” என்றார் அஞ்சலை. “அப்ப நான் பதினஞ்சு வருசமா கோசோங்லதான் பீன்ஸ் பறிச்சேனா?”



அந்த வெள்ளை நிலம்

வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். எங்கள் லயன் வீடுகள் தேயிலைத் தோட்டத்திற்குச் சொந்தமானவை. வேலை இருக்கும் வரை வீடு; வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கும் இதே விதிதான்.

ஆனால் குடியிருப்பின் ஓரத்தில், தோட்டத்து எல்லைக்கு வெளியே, ஓடையை ஒட்டிக் கொஞ்சம் அரசாங்க நிலம் உண்டு. வேலை முடிந்த மாலைகளில் எங்கள் மக்கள் அங்கே படிப்படியாக மண்ணை வெட்டிக் காய்கறி போட்டுவந்தார்கள். சௌசௌப் பந்தல், பீன்ஸ், சேம்பு, கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ், அவ்வளவுதான். விற்பனைக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த நிலத்தில் புதிய வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். செய்தி வந்த அன்று கோயிலில் பொங்கல் வைத்தோம். திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது; அது எங்களுக்குத் தெரிந்தது வரைபடம் வந்தபோதுதான்: ஏற்கெனவே அந்த மண்ணில் பயிர் செய்து வருவோருக்கு முதல் உரிமை. மிஞ்சிய வீடுகள் பொது விண்ணப்பத்திற்குப் போகும். பொது விண்ணப்பத்திற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். ஓய்வு பெற்றவரிடம் அது ஏது?

ஆகவே, எங்களில் முதியவர்களுக்கு வரைபடத்தில் தம் தோட்டம் இருந்தால் வீடு, இல்லையேல் இல்லை.

எல்லோரையும் விட அதிகம் தேவைப்பட்டவர் காத்தமுத்து. மேனேஜர் பங்களாவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தோட்டக்காரராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஆண்டு முடிவுக்குள் லயன் வீட்டைக் காலி செய்து கொடுக்கும்படி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அன்று அவர் வரைபடத்தின் அருகே வரவில்லை. சுவரை ஒட்டி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மேல பேசி முடிச்சிருப்பாங்க லா,” என்றார் லோரி ஓட்டும் சேகரன். “நம்மள யாரு கேக்கப் போறா?”

கூட்டம் அதிகாரிகளை ஏசத் தொடங்கியது. அந்த நிலம் ஏன் வெள்ளையாயிற்று என்று எனக்குத் தெரியும்.

துரை வரும் நாள்

இங்கே ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் சிறு பிராயத்தில் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை லயத்தைப் பார்வையிட வருவார். முதல் நாளே கங்காணி வீடு வீடாகச் சத்தம் போட்டுக்கொண்டு போவார். கால்வாய் தேய்த்துச் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். சேர்த்துக் கட்டிய அடுப்படிக் கொட்டகை பிரியும். கோழிகள் சாக்குக்குள் போகும். வாசலில் போட்ட கீரைப் பாத்தி இருந்த இடம் தெரியாது. துரை வந்து போன மறுநாள் எல்லாம் பழையபடி முளைக்கும். இதற்குத் ‘துரை சுத்தம்’ என்று பெயர்.

ஒரு முறை, ஒரு வீட்டார் தங்கள் மாட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக் கொட்டகைக்குப் பின்னால் கட்டி மறைத்திருந்தார்கள். துரை அந்தக் கொட்டகையின் முன் நின்று, தமக்குத் தெரிந்த தமிழில், “மாடு இல்லே. ரொம்ப நல்லது,” என்றார். அந்த நேரம் பார்த்து மாடு கத்தியது. கங்காணி பதறிப்போய் அதைவிட உரக்க இருமினார். மாடு மீண்டும் கத்தியது. கங்காணி மீண்டும் இருமினார்.

துரை அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்து, “கங்காணிக்கு இருமல் ஜாஸ்தி. ஆஸ்பத்திரி போ,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று சிரித்தோம். அதன் பொருள் எனக்கு விளங்க அறுபது ஆண்டுகள் ஆயின. நாங்கள் மறைக்கிறோம் என்பது துரைக்குத் தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். மறைத்தவற்றையும் சேர்த்துத்தான் அவர் லயத்தைப் பார்த்தார். இந்த வழக்கத்தை அறியாத ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் எண்ணியதில்லை.

நான் இட்ட கட்டளை

நான் பல ஆண்டுகள் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளனாக, இருந்தவன். ஓய்வுக்குப் பின் பக்கத்திலேயே மகன் வீட்டுக்குக் குடிபோன பிறகும் என்னையே குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவனாக்கினார்கள். திட்டம் வரைபவர்கள் நிலத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வாரக் கடைசி முடிந்து, திங்கட்கிழமை.

நான் கங்காணியைப் போலவே வீடு வீடாகப் போனேன். பந்தல், வேலி, குழாய், உரச்சாக்கு ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்றேன். சுத்தமான மக்கள் என்று பெயர் வந்தால் வீடு தானாக வரும் என்றும் சொன்னேன். அதை நான் மனமார நம்பினேன்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“சௌசௌ காச்சுத் தொங்குது, மண்டோரய்யா. அது என்னா பாவம் பண்ணுச்சு?”

“கொடி திரும்பத் தழைக்கும், அஞ்சல. பேரு கெட்டா திரும்ப வராது.”

“வர்றவங்க வீடு கட்டப் பாக்க வர்றாங்களா, பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று முணுமுணுத்துக்கொண்டே கத்தியை எடுத்தார். கொடியைத் தரையோடு வெட்டினார். கிழங்கைத் தொடவில்லை. கழிகளைப் பிடுங்கி ஓடைக்கரைப் புதரில் செருகினார். தண்ணீர்க் குழாயின் மேல் மண்ணைத் தள்ளினார். அவ்வளவோடு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படியே. என் கண்ணுக்கு எதிரில் பாதி. நான் திரும்பியதும் மீதிக்கு முழுக்கு.

காத்தமுத்து அப்படிப்பட்டவர் அல்லர்.

மூன்று நாள் அவர் நிமிரவில்லை. கோபிஸை வேரோடு எடுத்தார். சேம்பை ஒரு கிழங்கு விடாமல் தோண்டினார். கழிகளை எரித்தார். படிப்படியாக இருந்த பாத்திகளை மண் போட்டு ஒரே சரிவாக்கினார். பிறகு சாலையோரத்துப் புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி வந்து, இடைவெளி தெரியாமல் பதித்து, பலகையை மேலே போட்டு ஏறி மிதித்தார். முப்பது ஆண்டுகள் பங்களாவில் செய்த வேலை அல்லவா?

ஞாயிறு மாலை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“பங்களா மாதிரி ஆச்சா, மண்டோரய்யா?”

“பங்களாவே தோத்துச்சு போ,” என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் வந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மிகுந்த மரியாதையுடன் பேசினார். நாங்கள் அவரைப் புவான், அதாவது மலாயில் அம்மா, என்று அழைத்தோம். உடன் வந்தவர் ஒரு சிறிய பறக்கும் கருவியை மேலே அனுப்பி நிலத்தைப் படம் எடுத்தார். புவான் நிலத்தைச் சுற்றி நடந்துவிட்டு என்னிடம் மலாயில் கேட்டார்: “இங்கே யாராவது ஏதாவது பயிர் செய்கிறீர்களா?”

நான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்.

“ஒன்றுமில்லை, புவான். நாங்கள் இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள்.”

மேசைக்கு முன்னால்

மண்டபத்துக் காட்சிக்குத் திரும்புகிறேன். எல்லோரும் ஏசிவிட்டுக் கலைந்தபின் காத்தமுத்து என் அருகே வந்தார்.

“அப்ப நம்ம செஞ்சது தப்பாயிருச்சா?”

நாம் என்றார். நீங்கள் என்று சொல்லவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டிலும் அதிகாரிகளைக் குறை கூறிக்கொண்டுதான் சாப்பிட்டேன். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “அந்தம்மா வாயத் தொறந்து கேட்டாங்கள்ல? ஒண்ணுமில்லன்னு சொன்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?”

ஆட்சேபம் தெரிவிக்கச் சில வாரங்கள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். முதல் இரண்டையும் கிழித்தேன். அவற்றில் பிழை யாருடையது என்பதை மழுப்பியிருந்தேன். மூன்றாவதில் உள்ளபடி எழுதினேன்.

தானா ராத்தா மாவட்ட அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சேகரனின் லோரியில் நானும் அஞ்சலையும் காத்தமுத்துவும் போனோம். அங்கே ஒரு நீண்ட மேசை. ஒரு புறம் புவான். அவருக்கு அருகில் அவருடைய மேலதிகாரி. கடிதத்தைப் படித்தும் மேலதிகாரிக்குப் புரியவில்லை. புவான் பக்கம் திரும்பி, நிலத்தைச் சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவர் குரல் கடுமையாக இருந்தது.

புவான் தம்மைக் காத்துக்கொள்ள என்னைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்தேன். “புவான் பார்த்ததில் பிழை இல்லை. பார்க்க ஒன்றும் இல்லாதபடி செய்தவன் நான். கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னவனும் நான்தான்.”

“உங்களுக்கு நன்மை தரும் ஒன்றை நீங்களே ஏன் அழித்தீர்கள்?” என்று கேட்டார் மேலதிகாரி.

விதி அப்போது தெரியாது என்றால் அது பாதி உண்மை; மீதியைச் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. உண்மையில், தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அஞ்சலை இரு மொழியையும் கலந்து பேசினார்: “பெரியவங்க வந்தா நாங்க அப்படித்தான் செய்வோம், துவான். எங்கப்பாவும் செஞ்சாரு, அவரு அப்பாவும் செஞ்சாரு. நீங்க வர்றீங்கன்னு ஒரு மரியாத. இனிமே மரியாத குடுக்க மாட்டோம், வீட்டக் குடுங்க!”

மேலதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். புவான் சிரிக்கவில்லை. பழைய வான்படங்களையும் தேடிப் பார்த்ததாகவும், அவற்றில் எங்கள் பள்ளம் மூடுபனிக்குள் இருந்ததாகவும் கூறினார். பிறகு, “மறுபடியும் வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் சொல்லமாட்டேன்,” என்றார்.

சொல்லாமல் வந்த நாள்

சில வாரங்கள் சென்று, தூறல் விழுந்த ஒரு பிற்பகலில், அரசாங்க வண்டி ஒன்று வளைவில் திரும்புவதை யாரோ கண்டார்கள்.

ஐயா, அம்மா, அடுத்து நடந்ததை நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. பெண்கள் தாழ்வாரக் கொடியில் காய்ந்த துணிகளை உருவினார்கள். ஒருவர் கோழியைக் கூடைக்குள் திணித்தார். சேகரன் உரச்சாக்கை லோரிக்கு அடியில் தள்ளினார். என் கையில் விளக்குமாறு இருந்தது. அதை நான் எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அதை எறிந்துவிட்டுக் கத்தினேன். “விடுங்க! எல்லாத்தையும் அப்படியே விடுங்க!”

“கோழியத் தொறந்து வுடுங்கடா!” என்று அஞ்சலை கீழிருந்து குரல் கொடுத்தார். “மண்டோரய்யாவே சொல்லிட்டாரு, இன்னைக்கு அசிங்கமாவே இருக்கணுமாம்!”

புவான் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

அஞ்சலையின் இடத்தில் வெட்டிய சௌசௌ முழங்கால் உயரத்துக்கு மேல் தழைத்திருந்தது. புதரில் செருகிய கழிகள் அங்கேயே இருந்தன. புவான் பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ள, நீலத் தண்ணீர்க் குழாய் வெளியே வந்தது. வேலி இருந்த தடத்தின் நீளத்தை அளந்து பெயரைக் குறித்துக்கொண்டார்.

“அப்பா பேரையும் போடுங்க, புவான். இந்த ஊர்ல அஞ்சலைங்க நெறைய பேர் இருக்காங்க லா.”

அடுத்த தோட்டத்தில் சேம்பு இலை விட்டிருந்தது. அதற்கடுத்ததில் பீன்ஸ். என் சொல்லை அரைகுறையாகக் கேட்டவர்கள் எல்லோருக்கும் மண் சாட்சி சொன்னது.

ஓடைப் பக்கத்தில் காத்தமுத்து தம் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மழையில் புல் செழித்து, வெட்டி விட்டாற்போல் சமமாக இருந்தது. அந்தக் குடியிருப்பிலேயே யாரும் பயிரிடாத நிலம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான்.

“இது நான் போட்ட புல்லு, புவான். அதுக்கு முன்னாடி இங்க கோபிஸ் இருந்துச்சு. சேம்பு இருந்துச்சு.”

புவான் குந்தி உட்கார்ந்து புல்லின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே கல்லும் வேரும் பொறுக்கி நீக்கிய மண். விரலால் கிளறினார். வேறு இடத்திலும் தூக்கிப் பார்த்தார்.

“கழிகள்?”

“எரிச்சிட்டேன்.”

“தண்ணீர்க் குழாய்?”

“பழைய சாமான்காரனுக்குக் குடுத்துட்டேன். கண்ணுல படக்கூடாதுன்னு சொன்னாங்க.”

யார் சொன்னது என்று அவர் கூறவில்லை. புவான் என்னைப் பார்த்தார். தூக்கிய புல்லை இருந்தபடியே அமுக்கி வைத்தார். பிறகு, “நான் நம்புகிறேன், பாக்சிக்,” என்றார். பாக்சிக் என்றால் மலாயில் மாமா. “ஆனால் எதைப் பார்த்து எழுதுவது?”

இன்றைய நிலை

திருத்திய வரைபடம் வந்துவிட்டது. இப்போது அந்த வெள்ளையில் கட்டம் கட்டமாகத் தோட்டங்கள் இருக்கின்றன. கட்டத்துக்கு ஒரு பெயர். வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாலடி மண் விட்டிருக்கிறார்கள். அது புவானின் யோசனை என்று கேள்விப்பட்டேன். அஞ்சலை, “நாலடியா? சௌசௌவுக்கு அது படுக்கவே பத்தாது,” என்று சொல்லிவிட்டு, அன்றே அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பினாங்கிலிருக்கும் மகளுக்கு அனுப்பினார்.

ஓடை ஓரத்துக் கட்டத்தில் மட்டும் பெயர் இல்லை. காத்தமுத்துவின் மனு பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். நேரில் அறிந்தவர்களின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் உதவும் என்று புவான் சொல்லி அனுப்பினார். எழுதினோம், அனைவரும் கையெழுத்திட்டோம். ஆனால் அவற்றைத் தந்தவர்கள் எல்லோரும் வீடு பெறுகிறவர்கள் என்பதால் மேலே தயங்குகிறார்களாம். ஆண்டு முடிவு நெருங்குகிறது. காத்தமுத்து இரண்டு பெட்டிகளில் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டார்.

என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்தேன்.

“வர்றேன்,” என்றார். “ஆனா அது உங்க வீடு, மண்டோரய்யா.”

எனக்கு அந்தத் திட்டத்தில் வீடு இல்லை. நான் கேட்கவும் இல்லை. என் மகன் ரிங்லெட்டில் கட்டிய வீட்டில் நாங்கள் இருக்கிறோம். ஆகவே, இதனால் எனக்கு ஆதாயம் ஒன்றுமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுமாறு வேண்டி, கீழ்க்கண்டதை அச்சில் வைக்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் கீழே, அஞ்சலையின் வேலிக்கும் ஓடைக்கும் இடையில், மூன்று பெரிய பாறைகள் உள்ள சரிவில், காத்தமுத்து பதினெட்டு ஆண்டுகள் பயிர் செய்தார். ஆறு படிகளாகப் பாத்தி வெட்டியிருந்தார். மேல் இரண்டில் கோபிஸ், நடுவில் பீன்ஸ், ஓடைப் பக்கம் சேம்பு. என் வீட்டுக்கும் அதிலிருந்து பலமுறை கொடுத்தார். நான் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அதை அழிக்கச் சொன்னவன் நான். அவர் சொன்னபடி செய்தார்.

ஐயா, அம்மா, இந்த இதழைப் படித்தபின் இந்தப் பக்கத்தை மட்டுமாவது தனியே எடுத்து வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரேனும் கேட்டால் காட்டுங்கள்.